பின் படலையால் வந்த மீன்

1

சனிக்கிழமை பின்னேரங்களில் மட்டும் நான் ரீச்சர். மற்ற நாட்களில் முதியோர் இல்லமொன்றின் குசினியில் உருளைக்கிழங்கு அவிக்கிறவள். சனிக்கிழமை வந்தால் சேலை கட்டிக்கொண்டு, ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் நகரத்துக் கோயில் மண்டபத்துக்குப் போய்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிப்பேன். கோயில் என்று நான் எழுதுவது மாதா கோயிலைத்தான். யாழ்ப்பாணத்தில் எங்கள் குருநகர் ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

முதல் நன்மைக்கு, அதாவது முதல்முறை நற்கருணை வாங்குவதற்கு, ஆயத்தப்படுத்தும் வகுப்பு என்னுடையது. ஒன்பது வயதுப் பிள்ளைகள். தங்களுக்குள் ஜேர்மன் மொழியில் கதைப்பார்கள், என்னைக் கண்டதும் தமிழை வெளியில் எடுப்பார்கள். மன்னிப்பைப் பற்றிய பாடத்துக்கு என்னிடம் ஒரு படம் இருந்தது. பலகையில் ஒரு வீடு கீறுவேன். சுற்றிவர வேலி, முன்னால் வேலிக் கதவாக ஒரேயொரு படலை. அடுக்குமாடியில் பிறந்ததுகளுக்குப் படலை என்றால் என்னவென்று விளங்கப்படுத்தவே பாதி நேரம் போய்விடும். பிறகு சொல்லுவேன்: இந்தப் படலையால்தான் உன்னோடு சண்டை பிடித்தவனும் வரவேண்டும், ஆண்டவரும் வரவேண்டும். அவனுக்குப் பூட்டினால் ஆண்டவருக்கும் பூட்டினதுதான். மனசுக்குள் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னால் காணாது, எழும்பிப் போய்ப் படலையைத் திறக்கவேண்டும்.

பிள்ளைகளுக்கு அந்தப் படம் பிடிக்கும். பெற்றோருக்கு இன்னும் பிடிக்கும். நல்ல பாடம் என்று சுவாமியார்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறார். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

போன சனிக்கிழமை அதைக் கீறக் கை வரவில்லை. சோக்குத் துண்டோடு பலகைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். ஏன் என்று, ஊரில் நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

2

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின தவக்காலத்தில் அப்பாவின் ஓராண்டுப் பூசை வந்தது. அடக்கத்துக்கு நான் தனியாகத்தான் போயிருந்தேன். இந்தமுறை என் வகுப்பிலேயே படிக்கிற மகள் ஜெசியையும் கூட்டிக்கொண்டு போக விரும்பினேன். கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை போனதோடு சரி, அவளுக்குக் குருநகர் தெரியாது.

இந்த நாட்டில் பள்ளிக்கூட நாளில் பிள்ளையை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவது லேசான காரியமில்லை. விடுமுறைக்கு வெளியே ஒரு நாள் என்றாலும் பள்ளிக்கூட அதிபரிடம் காரணம் சொல்லி அனுமதி வாங்கவேண்டும். அதிபர் அம்மா நல்ல மனுசி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தாத்தா எப்போது இறந்தார் என்று கேட்டார். போன வருடம் என்றேன். அப்போ அடக்கம்? அதுவும் போன வருடம்தான் என்றேன். அப்போ இப்போது என்ன?

இப்போது என்ன என்று ஜேர்மன் மொழியில் எப்படிச் சொல்லுவது? செத்தவருக்காக வருடம் முடியப் பூசை ஒப்புக்கொடுத்து, கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தி, வீட்டில் சனத்துக்குச் சாப்பாடு கொடுப்போம் என்றேன். சொல்லச் சொல்ல அது ஏதோ பிறந்தநாள் விழா மாதிரித்தான் வெளியில் வந்தது. விளங்கவில்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. விளங்காமலே கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

வெளியில் வந்ததும், ஏன் அவ சம்மதித்தவ என்று ஜெசி கேட்டாள். தெரியாது, பாவம் பார்த்திருப்பா என்றேன்.

3

அண்ணையைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது.

அப்பாவும் அண்ணையும் தம்பியும் ஒரே வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர்கள். ஆண்டவர் சிலுவையில் இறந்த பெரிய வெள்ளியன்று குருநகரில் ஒருவரும் கடலில் இறங்க மாட்டார்கள். முதல்நாளே வள்ளங்களைக் கட்டிவிட்டுக் கோயிலுக்கு வந்துவிடுவார்கள். யாரும் சட்டம் போட்டதில்லை, ஆனால் மீறினவரையும் நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அந்த வருடம் கிழமை முழுக்கக் காற்று. கடலில் போட்டுவிட்டு வந்த படுப்பு வலையை எடுக்க முடியவில்லை. சனிக்கிழமை வரைக்கும் விட்டால் மீன் அழுகும், வலையும் நாசம். வெள்ளி விடியக் காற்று கொஞ்சம் அடங்கினது போலத் தெரிந்ததும், அப்பா கோயிலில் நின்ற நேரம் பார்த்து அண்ணை தம்பியையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

காற்று அடங்கவில்லை. அண்ணை மட்டும்தான் திரும்பி வந்தார். தம்பி பிறகு பிணமாகத்தான் கரை ஒதுங்கினான்.

நான் அப்போது ஜேர்மனிக்கு வந்த புதிது. அகதி வழக்கு முடியவில்லை. நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வரமுடியாது என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். தம்பியின் அடக்கத்தை ரெலிபோனில்தான் கேட்டேன். யாரோ ரிசீவரைக் கோயில் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் அகதி முகாமின் நடைபாதையில் சுவரோடு குந்தியிருந்து கேட்டேன்.

அடக்கம் முடிந்து வந்த அன்று அப்பா அண்ணையிடம் ஒன்றே ஒன்று சொன்னாராம்: "இனி நீ என்ரை படலையைத் தாண்டி வரப்படாது." அதுதான் அவர் அண்ணையோடு கதைத்த கடைசிக் கதை. அண்ணை கலியாணம் கட்டிப் பக்கத்து ஒழுங்கையில் குடியிருந்தார். ஒரே கோயில், ஒரே இறங்குதுறை. முகத்துக்கு முகம் கண்டாலும் அப்பா அந்தப் பக்கம் பார்க்க மாட்டார். அண்ணையின் பெயரை யாராவது எடுத்தால் எழும்பிப் போய்விடுவார்.

அண்ணையும் லேசுப்பட்டவர் இல்லை. அப்பா சொன்ன சொல்லை அவர் ஒருநாளும் மீறவில்லை. அப்பாவின் அடக்கத்தன்றுகூடப் படலைக்குள் வரவில்லை. ஒழுங்கையில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டி படலையைத் தாண்டி ஒழுங்கைக்கு வந்த பிறகுதான் தோள் கொடுத்தார். அதை நான் கண்ணால் கண்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, செத்தவரிலும் உயிரோடு நின்றவரிலும்.

ஆனால் ஒரு காரியம் மட்டும் நடந்துகொண்டிருந்தது. நாளாந்தம் கறிக்கு என்று எடுத்து வைக்கிற மீனில் ஒரு பங்கை அண்ணை பின் படலைக்குக் கொண்டுவந்து கொடுப்பார். படலைக்கு வெளியே நின்று எட்டிக் கொடுப்பார், அம்மா உள்ளே நின்று வாங்குவா. அப்பாவிடம் சந்தையில் வாங்கினேன் என்று சொல்லிச் சமைத்துப் போடுவா. வருடக் கணக்காக இதே நடப்புத்தான். அப்பா கேட்டதில்லை, அம்மா சொன்னதில்லை. பாவம் மனுசன், நம்பிச் சாப்பிடுகிறார் என்று நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

4

இவ்வளவும் ஜெசிக்குத் தெரியாது. தெரியத் தேவையில்லை என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் போய் இறங்கிய அடுத்தநாள் காலமை, அவள் பின்பக்கம் பல் துலக்கிக்கொண்டு நின்றபோது அண்ணை மீனோடு வந்துவிட்டார். அப்பா செத்து வருடம் ஆகியும் அந்த மனுசன் இன்னும் பின் படலைக்கு வெளியேதான் நின்றார். ஜெசி படலையைத் திறந்து, உள்ளே வாங்கோ மாமா என்றிருக்கிறாள். அண்ணை சிரித்து, அவளுடைய தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். ஏன் வரவில்லை என்று என் அம்மாவைக் கேட்டாள். பேத்தி கேட்டதும் அம்மா பழைய சண்டையை முழுக்கச் சொல்லிவிட்டா.

அன்று பின்னேரம் நாங்கள் சேமக்காலைக்கு, அப்பாவின் கல்லறைக்குப் போனோம். அப்பாவையும் தம்பியையும் ஒரே குழியில்தான் வைத்திருக்கிறது. கல்லைக் கழுவி, மெழுகுதிரி கொளுத்தினேன். ஜெசி தம்பியின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள். அப்பாவின் பெயரையும் வாசித்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, வகுப்பில் கேள்வி கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"அப்ப அம்மப்பா எங்க?"

ஆண்டவரோடு இருக்கிறார் என்றேன்.

"எப்பிடி? அவர் படலையைத் திறக்கேல்லையே."

கடவுள் பெரியவர் என்று ஆரம்பித்தேன். அம்மப்பா மனசுக்குள் மன்னித்திருப்பார் என்றேன். மனசுக்குள் மட்டும் என்றால் காணாது என்று நீங்கள்தானே சொன்னனீங்கள் என்றாள். செத்த பிறகு ஆன்மா சுத்தமாகிற உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று இருக்கிறது என்றேன். அது என்ன, அங்கே படலையைத் திறக்கலாமோ என்று கேட்டாள். பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டாள். அவளுடைய கன்னத்தில் கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நான் சொல்லிக் கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் படித்துவைத்திருந்த ஒரே பிள்ளை அவள்தான்.

கடைசியில் சொன்னாள்: "அம்மப்பா உள்ளுக்கு இல்லையெண்டால் நான் நன்மை எடுக்க மாட்டன். எனக்கு வேண்டாம்."

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து அடுத்த ஞாயிறு முதல் நன்மை. வெள்ளைச் சட்டை தைத்து அலுமாரியில் தொங்குகிறது. மண்டபம் எடுத்தாயிற்று. ஆனால் சத்தியமாக எனக்கு அப்போது சட்டையும் மண்டபமும் நினைவில் வரவில்லை. ஒரு குழந்தை தன் அம்மப்பா நரகத்தில் இருக்கிறார் என்று நினைக்கிறது, அதைப் படிப்பித்தவள் நான், அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியவில்லை. அவ்வளவுதான் தெரிந்தது.

பூசை ஒழுங்கு கதைக்கப் போன இடத்தில் பங்குச் சுவாமியிடம் கேட்டேன். நல்லவர், ஆனால் அன்றைக்கு அவருக்கு ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, ஆட்கள் வயர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மன்னிப்பு எங்களுடைய வேலை, அருள் கடவுளுடைய வேலை, எங்களால் முடியாமல் போகிற இடத்திலும் அது வேலை செய்யும் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கோ என்றார். வந்து சொன்னேன். ஜெசி கவனமாகக் கேட்டாள். அருள் வேலை செய்தால் எப்படித் தெரியும் என்று கேட்டாள். அதைச் சுவாமியிடம் கேட்க நான் மறந்துவிட்டேன்.

5

பூசைக்கு முதல்நாள் காலமை, அம்மா குசினி வாசலில் அரிவாளோடு இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. அண்ணை கொண்டுவந்த விளைமீன். ஜெசி கொஞ்சம் தள்ளிக் குந்தியிருந்து செதில் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொறுக்க மாட்டாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பிள்ளை இப்படிச் சொல்லுது, நன்மை வேண்டாமாம், நான் என்ன செய்ய என்றேன். அப்பாவையும் ஏசினேன். மகன் கொடுத்த மீனென்று தெரியாமலே தின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தாரே என்றேன்.

அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியாதெண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

நான் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

சந்தை கூடுகிறதுக்கு முதலே சட்டியில் மீன் கிடந்தால், வாழ்நாள் முழுக்கக் கடலில் கிடந்த மனுசனுக்கு அது எங்கேயிருந்து வந்தது என்று தெரியாமல் போகுமோ என்று அம்மா கேட்டா. ஐஸ் படாத மீன், விடியப் பிடித்த மீன், எந்தப் பக்கத்துக் கடல் மீன் என்றுகூட வாயில் வைத்ததும் சொல்லக்கூடியவர். அட, இது ஏன் எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை? குருநகரில் பிறந்து வளர்ந்த நாங்கள், ஒரு கடல்தொழிலாளிக்கு மீன் தெரியாது என்று இத்தனை வருடம் நம்பியிருக்கிறோம்.

பிறகு அம்மா சொன்னது இதுதான். அப்பா சாகிறதற்கு முந்தின மாரிமழைக் காலத்தில் அண்ணைக்கு டெங்குக் காய்ச்சல். ஆசுப்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். மீன் வரவில்லை. அம்மா உண்மையாகவே சந்தைக்குப் போய் மீன் வாங்கிச் சமைத்தா. அப்பா சோற்றுக் கோப்பையில் இரண்டு வாய் எடுத்தார். மீனை ஒருக்கால் பிட்டுப் பார்த்தார். கையை அப்படியே வைத்துக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பாராமல் கேட்டார்.

"உவனுக்கு என்ன, சுகமில்லையோ?"

தம்பியின் அடக்கத்துக்குப் பிறகு அண்ணையைப் பற்றி அவர் வாயால் வந்த ஒரே கதை அதுதானாம். காய்ச்சலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறா. அப்பா கையைக் கழுவிவிட்டு எழும்பிவிட்டார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணை சுகமாகி மீன் திரும்பவும் வந்தபோது, ஒன்றும் நடக்காதது போலச் சாப்பிட்டார்.

"ஏனம்மா இதை அண்ணைக்குச் சொல்லேல்லை?"

அம்மா அரிவாளைக் கழுவினா. "சொன்னால் உவன் முன் படலையால வந்து நிண்டிருப்பான். மனுசன் வெக்கத்தில மீனையும் விட்டிருப்பார். எனக்கு ரெண்டுபேரும் வேணும், பிள்ளை."

ஜெசி எழும்பிக் கிட்ட வந்தாள். அப்படிக் கேட்டது மன்னிப்போ, அம்மம்மா என்று கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஏதாவது சொல்லிப் பிள்ளையைத் தேற்றிவிட மாட்டாவோ என்று இருந்தது.

"எனக்கென்ன தெரியும்," என்றா அம்மா. "அண்டைக்கு அவர் வடிவாச் சாப்பிடேல்லை. அதுதான் எனக்குத் தெரியும்."

6

அண்ணையிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கடற்கரையில் வலை வைக்கிற வாடிக்குள் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். சொன்னதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அப்பா என்ன சொன்னவர், திருப்பிச் சொல்லு என்றார். திருப்பிச் சொன்னேன். பிறகு, அண்டைக்கு அம்மா வாங்கினது என்ன மீன் என்று கேட்டார். அதை நான் அம்மாவிடம் கேட்கவில்லை என்றேன். "ஐஸ் மீன் அவருக்குப் பிடிக்காது," என்று சொல்லிவிட்டு வலையை எடுத்து முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டார். வலை பொத்தவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

நாளைக்குச் சாப்பாட்டுக்கு முன் படலையால் வாங்கோ, இனி ஆர் தடுக்கப்போகினம் என்று கெஞ்சினேன்.

"கேட்டவர்தான், பிள்ளை. வா எண்டு சொல்லேல்லையே."

வா என்று சொல்லவேண்டியவர் சேமக்காலையில் கிடக்கிறார். அவர் கேட்ட ஒரு கேள்வி ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் அம்மாவின் குசினிக்குள் கிடந்திருக்கிறது. எல்லோரும் எல்லோரையும் நோகாமல் பார்த்துக்கொண்டார்கள், அதற்குள் காலம் முடிந்துவிட்டது. நான் வாடியில் இருந்து அழுதேன். அண்ணை தண்ணீர் எடுத்துத் தந்தார்.

பூசையன்று அண்ணை கோயிலில் பின் வரிசை வாங்கில் இருந்தார். மத்தியானம் சனம் எல்லாம் முன் படலையால் வந்து விறாந்தையில் பாய் விரித்துச் சாப்பிட்டது. அண்ணை பின் படலைக்கு வந்து, வெளியே நின்றார். ஜெசி போய்க் கையைப் பிடித்தாள். இந்தமுறை பின் படலையைத் தாண்டிக் குசினி வாசல் வரைக்கும் வந்தார். அதற்கு மேல் வரவில்லை. வாசற்படியில் இருந்து சாப்பிட்டார். ஜெசியும் தன்னுடைய கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்தாள். மீனில் முள் எடுத்து எடுத்து அவர் அவளுக்குக் கொடுத்தார்.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். சோக்கோடு நின்றேன் என்று சொன்னேன் அல்லவா. கடைசியில் வேறு வழியில்லாமல் வீட்டைக் கீறினேன். வேலியைக் கீறினேன். முன் படலையைக் கீறினேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெசி எழும்பி வந்து என் கையிலிருந்து சோக்கை வாங்கினாள். வீட்டுக்குப் பின்னால் வேலியில் ஒரு இடத்தைக் கையால் அழித்தாள். அங்கே சின்னதாக இன்னொரு படலை கீறினாள். பக்கத்தில் ஒரு மீனையும் கீறிவிட்டுப் போய் இருந்துவிட்டாள்.

இது என்ன என்று ஒரு பிள்ளை கேட்டது. முன்னுக்குப் பூட்டியிருந்தால் இதால வரலாம் என்றாள். மற்றப் பிள்ளைகள் தங்கள் கொப்பிகளில் அதையும் பார்த்துக் கீறினார்கள். அது சரியான மறைக்கல்வியோ என்று எனக்குத் தெரியாது. அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பஸ்ஸில் வரும்போது, நன்மை எடுக்கிறாயோ என்று பயந்து பயந்து கேட்டேன். எடுக்கிறேன், ஆனால் அம்மப்பா அப்படிக் கேட்டது மன்னிப்புக்குக் காணுமோ என்று ஆண்டவரிடம் நான் கேட்பேன் என்றாள். கேள் என்றேன். எனக்கும் சொல்லு என்றேன்.

அண்ணை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுக்கிறார். முந்தி இப்படி எடுக்கிறவர் இல்லை. குளிரோ என்று கேட்பார், பிள்ளை படிக்கிறாளோ என்று கேட்பார். அம்மாவுக்கு மீன் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன் என்பார். எந்தப் படலையால் என்று நான் கேட்பதில்லை. பிறகு சத்தம் இருக்காது. வைக்கவும் மாட்டார். அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும், என்றாலும் அவராகக் கேட்கும்வரை காத்திருப்பேன்.

"அப்பா என்ன கேட்டவர், பிள்ளை? இன்னொருக்காச் சொல்லு."

"உவனுக்கு என்ன, சுகமில்லையோ எண்டு கேட்டவர், அண்ணை."